ஒரே கல்யாணம், இரண்டு கோயில்

மாப்பிள்ளையும் நல்லவர், பெண்ணும் நல்ல பெண். இரண்டு பேருக்கும் நல்ல வேலை. தரகர் யாரும் இல்லை. படித்த இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ அவர்களே பழகி முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: "சரி, கல்யாணத்தை எங்கே வைக்கிறது?"

ஒரு வீடு இந்து, மற்றது கிறிஸ்தவம் என்றால் நம் மலேசியத் தமிழர்களிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. காலையில் சர்ச், மாலையில் கோயில். சர்ச்சில் மோதிரம், கோயிலில் தாலி. இரண்டு பக்கமும் திருப்தி, இரண்டு பக்கமும் மொய். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகை மாதிரியும் பார்த்து முடித்த பிறகு பங்குத் தந்தையைப் பார்க்கப் போவார்கள். "சர்ச்சில் கல்யாணம் முடிந்த பிறகு கோயிலில் இன்னொரு முறை கல்யாணம் செய்ய முடியாது" என்று அவர் சொல்லுவார். அன்றைக்குத் தொடங்கும் மனவருத்தம் சில வீடுகளில் கல்யாணத்தோடு முடிவதில்லை.

நான் பிறப்பால் கத்தோலிக்கப் பெண், என் கணவர் இந்து. எங்கள் பங்கில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குக் கலப்புத் திருமண ஜோடி யாராவது வந்தால் எங்கள் இருவரையும் பேசக் கூப்பிடுவார்கள். ஃபாதர் சட்டம் சொல்வார். மாமியார் வீட்டைப் பற்றி நாங்கள் சொல்வோம்.

அப்படி ஒரு முறை, மாப்பிள்ளையின் அம்மாவும் கூட வந்திருந்தார். பேச்சு முடிகிற நேரத்தில் அவர் ஃபாதரைப் பார்த்துக் கேட்டார்: "சாமி, நாங்க வருஷா வருஷம் அன்னம்மாள் கோயிலுக்கு வந்து மெழுகுவத்தி கொளுத்துறோம். எங்க வீட்ல மாதா படம் இருக்கு. உங்க பொண்ணு எங்க மாரியம்மன் முன்னால ஒரு தடவை கை கூப்பினா என்ன குறைஞ்சிடும்?"

இதைவிட நியாயமான கேள்வி இந்த விஷயத்தில் இல்லை. ஜூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த அம்மா சொன்னது மிகையில்லை என்று தெரியும். நெற்றியில் குங்குமத்தோடு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்! நம் இந்து உறவினர்கள் சர்ச்சுக்கு வரத் தயங்குவதே இல்லை. நாம்தான் அவர்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்கிறோம். அவர்கள் கண்ணுக்கு அது கர்வமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் அதன் காரணம் கர்வம் இல்லை. ஒரு சைவக் குடும்பத்துக்கு இன்னொரு தெய்வத்தை வணங்குவது ஏற்கெனவே உள்ள பக்திக்கு மேலும் ஒரு பக்தி. குலதெய்வம் குலதெய்வமாகவே இருக்கும், மாதாவும் இருப்பார். கிறிஸ்தவ நம்பிக்கை அப்படிக் கட்டப்பட்டதல்ல. பத்துக் கட்டளைகளில் முதலாவதே வணக்கம் ஒருவருக்கு மட்டும் என்பது. யூதர்களிடமிருந்து வந்த கட்டளை அது. நம் முஸ்லிம் அண்டைவீட்டாருக்கும் அந்த உணர்வு நன்றாகப் புரியும். அந்த அம்மாவுக்குக் கை கூப்புவது மரியாதை. அந்தப் பெண்ணுக்கு, சந்நிதியில் கை கூப்புவது ஒரு வாக்குமூலம். இரண்டு பேர் செய்வதும் பார்வைக்கு ஒரே செயல்தான், பொருள்தான் வேறு. இதைக் கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிட்டால் பாதிக் கசப்பு வராது. பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. பெண் அன்றைக்குத் திடீரென்று தலைவலி என்பாள்.

எது மதம், எது நம் வழக்கம்?

சரி, சந்நிதி வேறு. தாலி? மஞ்சள்? குத்துவிளக்கு? பொட்டு? இவையெல்லாம் இந்து மதமா, தமிழர் வழக்கமா? இந்தக் கேள்வி நம் காலத்தில் முளைத்ததல்ல. நானூறு வருடங்களாக இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள், அதுவும் நம் தமிழர்களை நடுவில் வைத்து.

1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தவர் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு. தத்துவ போதகர் என்று அவருக்குத் தமிழ்ப் பெயர். காவி உடுத்தினார், சைவம் சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றை விட வேண்டியதில்லை என்றார். அவை சமூக அடையாளங்கள், வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். அவருடைய சொந்தச் சபைக்குள்ளேயே புகார் எழுந்து, வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார்.

அதோடு முடியவில்லை. எண்பது வருடம் கழித்து ரோமாபுரியிலிருந்து பாப்பரசரின் தூதராக டூர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். 1704இல் அவர் போட்ட ஆணையில் நம் கல்யாண வீடே நின்றது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. 108 இழையில் மஞ்சள் தோய்த்த கயிறு கூடாது. தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது கூடாது. பெண்கள் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று, சிலுவையோ மாதாவோ பொறித்த வேறு தாலி அணியலாம் என்றும் வழி விட்டார். இன்று நம் கத்தோலிக்கப் பெண்கள் கழுத்தில் சிலுவைத் தாலியைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆணைதான் ஞாபகம் வரும். 1744இல் பாப்பரசர் 14ஆம் பெனடிக்ட் அதை உறுதிப்படுத்தினார். தென்னிந்தியாவில் ஊழியம் செய்ய வரும் குருக்கள் இந்தத் தடைகளைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940இல்தான் நீக்கப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. நொபிலியைப் புகழ்ந்தும் டூர்னோனைத் திட்டியும் எழுதுவது இன்று சுலபம். ஆனால் "இது வழக்கம்தானே, மதம் இல்லையே" என்ற நொபிலியின் வாசல் வழியாகத்தான் சாதியும் சர்ச்சுக்குள் வந்து உட்கார்ந்தது. தாலியைத் தடுத்த அதே 1704 ஆணை, நோயில் கிடக்கும் ஒடுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்கே போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்றும் குருக்களுக்குக் கட்டளையிட்டது. தீட்டு என்று தயங்கியவர்கள் இருந்ததால்தானே அப்படி எழுத வேண்டி வந்தது. வழக்கம் என்பதற்காக ஒன்று நல்லதாகிவிடாது.

மொழியை மட்டும் எந்த ஆணையாலும் பிரிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சர்ச்சை 'கோயில்' என்றுதான் சொல்வார்கள். குருவானவர் 'சாமி'. திருப்பலி 'பூசை'. தவக்காலத்தின் முதல் நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் திருநீற்றுப் புதன். அன்றைக்கு நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்குப் போனால், "என்ன, சிவன் கோயிலுக்குப் போனீங்களா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். இதற்கும் மேலே ஒன்று உண்டு. பழைய ஞானோபதேசப் புத்தகத்தில் கடவுளின் அருளுக்கு என்ன சொல் தெரியுமா? இஷ்டப்பிரசாதம். கோயில் பிரசாதத்தைக் கையில் வாங்க யோசிக்கும் நம் பாட்டிமார்கள் இந்தச் சொல்லை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள்.

அவர்கள் ஏன் யோசித்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1258ஆம் விதி என்று ஒன்று இருந்தது. வேற்று மதத்தவர் கல்யாணத்துக்கோ சாவுக்கோ மரியாதையின் பொருட்டுப் போகலாம், ஆனால் சடங்கில் எந்தப் பங்கும் எடுக்காமல் சும்மா நிற்க வேண்டும் என்று அது சொன்னது. என் தாத்தா தோட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தலுக்கு வெளியே நின்று, மேளம் நின்ற பிறகுதான் உள்ளே போவாராம். ஊரில் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். பாவம், அவர் சட்டத்தைக் கடைப்பிடித்தார்.

1965 அக்டோபர் 28

அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்த மனநிலையை மாற்றியது இரண்டாம் வத்திக்கான் சங்கம். அதற்கு முந்திய ஆண்டே, 1964இல், பிற சமயத்தவரோடு உறவாட ஒரு தனிச் செயலகத்தை ரோமாபுரியில் அமைத்தார் பாப்பரசர் 6ஆம் பவுல். அதே வருடக் கடைசியில் பம்பாய்க்கு வந்தபோது, பிற சமயத் தலைவர்கள் முன்னிலையில் உபநிடதத்திலிருந்து ஒரு வேண்டுதலை எடுத்துச் சொன்னார். டூர்னோன் இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

1965 அக்டோபர் 28ஆம் நாள் 'நோஸ்திரா ஏத்தாத்தே' என்ற சிறிய ஏடு வெளியானது. ஆதரவாக 2,221 வாக்கு, எதிராக 88. யூதர்களோடு பல நூற்றாண்டாக இருந்த பகையைத் தீர்க்க எழுதத் தொடங்கிய ஏடு அது. எழுத எழுத மற்ற சமயங்களும் உள்ளே வந்தன. அதன் இரண்டாம் பகுதியில் இந்து சமயத்தின் பெயர் சொல்லப்படுகிறது. அதன் தத்துவத் தேடலும் தவமும் பக்தியும் மதிப்போடு பேசப்படுகின்றன. இந்தச் சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமும் எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்கிறது ஏடு. அதை அடுத்தே, கிறிஸ்துவே வழி என்று அறிவிக்கும் கடமையும் தனக்கு உண்டு என்கிறது.

நம்மில் பலர் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். சிலர், "பார், எல்லா மதமும் ஒன்று என்று போப்பே சொல்லிவிட்டார்" என்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. இன்னும் சிலர் கடமையை மட்டும் பிடித்துக்கொண்டு சம்பந்தி வீட்டில் துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். கல்யாணப் பேச்சுக்குப் போன இடத்தில் அதைச் செய்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கஷ்டம். நிச்சயமாக நம்புகிற ஒன்றை விட்டுக்கொடுக்காமல், எதிரில் இருப்பவர் நம்பிக்கையிலும் கடவுள் வேலை செய்கிறார் என்று ஏற்பது.

கல்யாணச் சட்டமும் இதைத் தொடர்ந்து மாறியது. பழைய சட்டப்படி, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பதாக இரண்டு பேரும் உறுதி கொடுக்க வேண்டும். 1970இல் அது தளர்ந்தது, 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. இப்போது வாக்கு கொடுப்பவர் கத்தோலிக்கர் மட்டுமே: தன் நம்பிக்கையை விடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று. அப்படி ஒரு வாக்கு கொடுக்கப்பட்டது என்பதை இந்துத் தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் எந்த வாக்கும் கொடுக்கத் தேவையில்லை. முக்கியமாக, அவர் மதம் மாற வேண்டியதில்லை. ஆயரிடமிருந்து அனுமதி வாங்கினால் போதும், ஃபாதரே எழுதி வாங்கித் தருவார். எத்தனையோ இந்துக் குடும்பங்கள் இது தெரியாமல், "பையனை மாத்திடுவாங்க" என்று பயந்தே கல்யாணத்தைத் தடுக்கின்றன.

நாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்காது. 1982 முதல் நடப்பில் உள்ள திருமண, மணவிலக்குச் சட்டத்தில் முஸ்லிம் அல்லாத இருவர் எந்த மதத்தவராக இருந்தாலும் பதிந்துகொள்ளலாம். முஸ்லிம்களுக்கு வேறு சட்டம்; அது தனிக் கதை. மற்றக் கிறிஸ்தவ சபைகளில் நிலைமை சபைக்குச் சபை மாறும். விசுவாசி அல்லாதவரோடு நுகத்தில் பிணைய வேண்டாம் என்ற பவுலின் வரியை வைத்து, ஞானஸ்நானம் இல்லாமல் கல்யாணமே நடத்தாத சபைகள் உண்டு. தாலியே வேண்டாம் என்பவையும் உண்டு.

இனி அந்த இரண்டு கோயில் விவகாரம். சட்டம் தடுப்பது இதைத்தான்: ஒரே கல்யாணத்துக்குச் சம்மதத்தை இரண்டு மதச் சடங்கில் இரண்டு முறை கொடுப்பது. சர்ச்சுக்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. மனைவியாக ஏற்கிறேன் என்று காலையில் சொன்னது உண்மையானால், மாலையில் மறுபடி எதற்கு என்பது அதன் தர்க்கம். பெரிய நெருக்கடி இருந்தால், சர்ச் முறையிலிருந்தே விலக்குக் கொடுத்து வேறு முறையில் கல்யாணத்தை நடத்த அனுமதிக்கவும் ஆயருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது கேட்டவுடன் கிடைக்கும் காரியமல்ல.

மாரியம்மன் கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு ஃபாதர் இதை விளக்கினார். அவர் முகம் மாறவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி, மாப்பிள்ளையின் அப்பாயி, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், மருமகள் பக்கம் திரும்பினார்: "தாலியை ரெண்டு தடவை கட்டுறது நமக்கும் வழக்கம் இல்லையே, அம்மா." அவ்வளவுதான். சர்ச்சில் தாலி கட்டுவதென்று முடிவானது. முதல் நாள் மாப்பிள்ளை வீட்டில் நலங்கு. கோயிலில் இரண்டு பேர் பெயரிலும் அர்ச்சனை. அம்மா செய்தார், பெண் கூடப் போய் மண்டபத்தில் நின்றாள். சாயங்காலம் விருந்தில் பெரியவர்கள் எல்லாரும் அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்தார்கள். அம்மாவுக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெண் எதைச் செய்வாள், எதைச் செய்ய மாட்டாள், ஏன் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

தட்டில் வந்த பொங்கல்

கல்யாணம் ஒரு நாள். சாப்பாடு தினமும். படையல் சாப்பிடலாமா என்ற கேள்விதான் வகுப்பில் அதிகம் வருவது. இதைப் பற்றி முதலில் எழுதியவர் பவுல், கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு முன், கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு. அங்கே கோயில்களில் பலியிட்ட இறைச்சி சந்தைக்கு வரும். அவர் சொன்னதன் சாரம்: சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு. வேற்று மதத்தவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் குறிப்பாகச் சொன்னால், அவர் மனச்சாட்சிக்காக விட்டுவிடு. சிலை ஒன்றுமில்லை என்று உனக்குத் தெரிந்தாலும், உன்னைப் பார்த்து இன்னொருவர் தடுமாறக் கூடாது. ஆனால் பலிபீடத்துப் பந்தியில் பங்காளியாக உட்காராதே.

இதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாதாடலாம், வாதாடுகிறார்கள். நான் என் மாமியார் கொடுக்கும் பொங்கலைச் சாப்பிடுகிறேன். எனக்கு அது அவர் கைச்சோறு. என் அக்கா ஒரு பெந்தகொஸ்தே சபைக்குப் போகிறவர், தொட மாட்டார். முதல் வருடம் அத்தைக்குக் கோபம். அடுத்த வருடம் அக்கா வருகிறார் என்று தெரிந்ததும் தனிச் சட்டியில் கொஞ்சம் பொங்கி வைத்துவிட்டார், "இது சாமிக்குக் காட்டாதது, நீ சாப்பிடு" என்று. அக்கா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சமயத் தலைவர்கள் மேடையில் கைகோத்து நிற்கும் படங்களைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டி ஞாபகம் வருகிறது. அந்த மேடைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவையும் வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது பிள்ளைகள். இயன்றதைச் செய்வேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன், அதை முன்பே என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேத்திகளின் ஞானஸ்நானத்துக்கும் அவர் சர்ச்சுக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். "என் பேர் என்னோட போயிடும்" என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. பேத்திகளை அவர் தேவாரம் பாடித்தான் தூங்க வைப்பார். நான் தடுத்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்தார். கொள்ளி மூத்த மகன் என்ற முறையில் என் கணவர் வைத்தார். நெய்ப்பந்தம் பேரப்பிள்ளைகள் பிடிக்க வேண்டும். என் இரண்டு பெண்களும் பிடிக்கலாமா என்று வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஃபாதருக்குப் போன் செய்தேன். "தாத்தாவுக்குப் பேத்திகள் காட்டும் வெளிச்சம் அது. பிடிக்கட்டும். தெய்வத்துக்குச் செய்யும் பூசை வந்தால் ஒதுங்கி நிற்கட்டும்" என்றார். வேறொரு ஃபாதர் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். பெரியவள் பந்தத்தை நேராகப் பிடித்தாள். சின்னவளுக்கு நெருப்பு பயம், என் கணவர் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி எங்கள் அன்பியக் குழுவினர் வந்தார்கள். ஒரு செபம் சொல்லலாமா என்று என் கொழுந்தனாரிடம் கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். விளக்கு எரிகிற இடத்தில் வேண்டாம், ஹாலில் சொல்லுங்கள் என்றார். ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, நின்றுகொண்டே சொன்னோம்.